கடைசித் தெருவுக்குத் திரும்பி வந்த தண்ணீர்

பல வருடங்களாக நான் பகலில் தூங்குகிறவன். ஒரகடத்தில் கார்களுக்குக் கதவுக் கைப்பிடி செய்யும் ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட். மற்றவர்களுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். நான் மட்டும் நைட்டையே கேட்டு வாங்கிக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு நான் வீடு வந்து சேரும்போது என் மனைவி ஏழரை மணி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்பாள். அந்த அரை மணி நேரம்தான் எங்கள் வீட்டு ஷிப்ட் மாற்றம். கேஸ் தீரப்போகிறது, தண்ணீர் கேன் சொல்ல வேண்டும், குழந்தை ராத்திரி இருமினாள் என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வாள். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்பேன். பிறகு அவள் பகலுக்குள் போய்விடுவாள், நான் என் இரவுக்குள் போவேன். நடுவில் எங்கள் மகள் இருப்பாள்.

படுக்கையறை ஜன்னலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டியிருக்கிறேன். அதனாலெல்லாம் முழு இருட்டு வந்துவிடாது. பழுப்பாக ஒரு சாயங்காலம்தான் அறைக்குள் வந்து நாள் முழுக்க நிற்கும். அந்தச் சாயங்காலத்தில் எனக்கு வருகிற கனவுகளுக்குச் சத்தம் வெளியிலிருந்து வரும். காய்கறி ஆட்டோ தெருவில் கூவிக்கொண்டு போனால், கனவில் எங்கள் லைனில் கைப்பிடிகளுக்குப் பதிலாக வெங்காயம் நகர்ந்து வரும்; நான் ஒவ்வொன்றையும் கேஜில் வைத்து அளந்து பார்த்து, சூபர்வைசரிடம் ரிஜெக்ட் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எழுந்த பிறகும் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த ஐப்பசி மாதத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் நகர் வடக்குப்பட்டுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. நகர் என்றால் ஆறு தெரு, நிறைய காலி மனை. மனை விற்றவர்கள் கலர் கொடி கட்டி, குளிர்பானம் கொடுத்து, கடைசித் தெருவுக்கு மட்டும் ஏரியைப் பார்த்த மனை என்று விலையைக் கூட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் கூடுதலாகக் கொடுத்துத்தான் அதை வாங்கினோம். ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டோம். ஏரியும் எங்களைப் பார்க்க வரும் என்று அப்போது தெரியாது.

கடைசித் தெருவில் முதலில் வீடு கட்டியவர்கள் நாங்கள். அடுத்து வந்தவர் எங்கள் வீட்டைவிட ஒரு முழம் உயர்த்திக் கிராவல் கொட்டி அதன்மேல் கட்டினார். அவருக்கு அடுத்தவர் அவரைவிட ஒரு முழம் உயர்த்தினார். மேல் தெருக்களிலும் இதே கதைதான். யாரும் அடுத்தவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. தன் வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று மட்டும் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். கடைசியில் நகர் முழுக்கப் படிக்கட்டாகிவிட்டது, அதன் கடைசிப் படியில் நாங்கள் குடியிருந்தோம்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி முழுக்க மழை. காலையில் நான் வரும்போது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏரிப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். மகளுக்கு அப்போது நாலு வயது. மனைவி சுடிதாரின் காலைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள்.

"தண்ணி போய்க்கினுதான் கீது. மதியத்துக்குள்ள வடிஞ்சிடும். அவள வெளிய வுடாத" என்றாள்.

நாங்கள் இருவரும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். அதனால் நாலு பேர் முன்னால்தான் அவள் என்னை வாங்க, போங்க என்பாள். வீட்டுக்குள் நீதான்.

எட்டு மணிக்கெல்லாம் மழை விட்டுவிட்டது. மகள் கூடத்தில் கலர் பென்சிலோடு உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தேன். அடித்துப் போட்டாற்போல் தூக்கம். கனவில் லைன் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தமே இல்லை. கைப்பிடிகள் தண்ணீருக்கடியில் நகர்வது போல மெதுவாக, பளபளவென்று வந்துகொண்டிருந்தன. யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். "அப்பா, எழுந்திரு" என்று குரல் கேட்டது. பிரேக் முடிந்துவிட்டதாக்கும், அதனால்தான் எழுப்புகிறார்கள் என்று கனவு எனக்குச் சொன்னது. "அஞ்சு நிமிஷம்" என்றேன். சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் தூங்கினேன் என்றுதான் தெரியாது.

விழித்தபோது முதுகு நனைந்திருந்தது. பாயின் ஓரங்கள் மிதந்து ஆடிக்கொண்டிருந்தன. வெளியே நல்ல வெயில். சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். என்னுடைய கம்பெனி ஷூ இரண்டையும் நனையாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அழவில்லை. நான் எழுந்துகொள்ளும் வரை காத்திருந்தது மாதிரி நின்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருத் தண்ணீர் முழங்கால் அளவு ஏறியிருந்தது, அதுவும் ஏரிப் பக்கத்திலிருந்து வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. ஒரு ஒற்றைச் செருப்பு ஏரியிலிருந்து மிதந்து வந்து எங்கள் கேட்டில் முட்டி நின்றது. மழை இல்லை, காற்று இல்லை. நான் இன்னும் கனவில்தான் இருக்கிறேனா என்று சந்தேகப்பட்டேன். மகளின் கால்கள் என் வயிற்றில் சில்லென்று பட்டதால்தான் நம்பினேன்.

சாயங்காலம் மனைவி வருவதற்குள் தண்ணீர் ஏரிக்கே திரும்பிப் போய்விட்டது. தரையில் சேறு மட்டும் இருந்தது.

"நான் போவ சொல்ல தண்ணி ஏரிக்குப் போய்க்கினு இருந்திச்சி. எட்டு மணிக்கு மழை வுட்டுடுச்சி. அப்புறம் எங்கேர்ந்து வூட்டுக்குள்ள வரும்?" என்றாள்.

"ஏரிலேர்ந்து வந்துச்சிமா."

"ஏரி இன்னா, நடந்து வருமா?"

அவளுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் சரியாகப் பட்டது: மழை கொட்டியிருக்கிறது, நான் அதுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறேன், இப்போது ஏரிமேல் பழி போடுகிறேன். அன்றைக்கு அவளிடம் தண்ணீர் வந்த திசையைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் வாதாடினேன். அந்த அஞ்சு நிமிஷத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் மகளின் துணிகளைப் பையில் அடுக்கி, மணிமங்கலத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். படப்பைப் பள்ளிக்கூடத்து வேன் இரண்டு ஊருக்கும் போகும் என்பதால் படிப்புக்கும் குறையில்லை. "மழை முடியட்டும்" என்றாள், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் காலையில் நான் வந்து கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இல்லை. தாராளமாகத் தூங்கலாம். தூக்கம் வரவில்லை.

அடுத்த கோடையில் மழைநீர்க் கால்வாய்ப் பேச்சு வந்தது. மக்கள் தங்கள் பங்கைப் போட்டால் மீதியை அரசாங்கம் போடும் என்று ஒரு திட்டம். எங்கள் நலச் சங்கத்தின் செயலாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரு ஆலையில் பகல் ஷிப்ட் சூபர்வைசர். ஒன்றியத்துக்கு நடையாய் நடந்து இதை வாங்கி வந்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோவில் முன்னால் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. ஒன்றியத்துப் பொறியாளர் ஒரு பெண். வரைபடத்தைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். ஏரி வறண்டு கிடந்த நேரத்தில் வந்து மேடு பள்ளம் அளந்து லெவல் எடுத்திருந்தார்கள். ஆறு தெருத் தண்ணீரும் கடைசித் தெரு வழியாக நேராக ஏரிக்குப் போகிற மாதிரி கால்வாய். மிகக் குறைந்த தூரம், மிகக் குறைந்த செலவு. எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

பொறியாளர் ஒரு கேள்வி கேட்டார். "ஏரி நிரம்பி, தண்ணி தெருப் பக்கம் திரும்பி வந்ததை யாராவது பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்கள், தண்ணீர் ஏரிக்குப் போவதைப் பார்த்திருக்கிறார்கள். மதியம் போகிறவர்கள், தெருவில் தேங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் வருகிறவர்கள் மறுபடியும் ஏரிக்குப் போவதைப் பார்த்திருக்கிறார்கள். காலை ஒன்பதுக்கும் மதியத்துக்கும் நடுவில் கடைசித் தெருவில் ஆளே கிடையாது. இருந்த ஐந்து வீட்டில் ஒன்று பூட்டு, இரண்டில் ஒடிசாவிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் பகல் ஷிப்ட் தொழிலாளர்கள், இன்னொன்றில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். மிச்சம் நான். நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

கையைப் பாதி தூக்கினேன். "நான் பாத்தேன் மேடம். மழை வுட்டப்புறம் ஏரிலேர்ந்து வந்துச்சி."

செயலாளர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "தம்பி, தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தான போவும்? நீங்க தலைகீழா சொல்லுதிய. நைட் ஷிப்ட் முடிச்சி வந்த தூக்கக் கலக்கத்துல பாத்திருப்பிய."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்துவிட்டேன். என்ன சொல்ல? வெங்காயத்தை அளந்து ரிஜெக்ட் சொல்லுகிற ஆள் நான். அந்தச் செருப்பு உண்மையாகவே ஏரிப் பக்கத்திலிருந்துதான் வந்ததா? அன்றைக்குச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

கூட்டம் கலைந்தபோது பொறியாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். "எழுதி வச்சிருக்கீங்களா சார்? எந்த நேரம், எவ்வளவு உயரம், எந்தப் பக்கம்?"

"இல்ல மேடம்."

"எழுதி இருந்தா பேசலாம். பொங்கலுக்கு முன்னாடி வேலை ஆரம்பிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் ஒரு மழைக்காலம் வரும் என்பதுதான் அதன் அர்த்தம். அவர் இதைச் சொல்லிவிட்டுப் போன பிறகு பல நாள் எனக்கு அதே நினைப்பு. எங்கள் ஆலையில் எழுதாத எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு ஷிப்ட் முடிந்தால் அடுத்த ஷிப்டுக்குப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்: மெஷின் எப்படி ஓடியது, எங்கே தகராறு, எதைக் கவனிக்க வேண்டும். முகத்தைக்கூடப் பார்த்திராத ஆட்கள் அந்தப் புத்தகத்தை நம்பி வேலையை எடுத்துக்கொள்வார்கள். தெருவுக்கும் அப்படி ஒரு புத்தகம் இருந்தால் என்ன?

செயலாளரிடம் போய்க் கேட்டேன். வாயைக் கொடுத்து மறுபடியும் மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். அவர் தாடையைச் சொறிந்தார். "ஷிப்ட் புக்கா? மழைக்கா?" என்றார். பிறகு, "அது சரிதான தம்பி. நம்ம நகர்ல மூணு ஷிப்ட்டுலயும் ஆள் இருக்கு. மூணையும் சேத்தாத்தான் ஒரு நாள்" என்றார். அந்த வாரமே நீளமான நோட்டு ஒன்று வாங்கித் தண்ணீர் கேன் கடையில் சணல் கட்டித் தொங்கவிட்டார். கடைசித் தெரு மின்கம்பத்தில் கோடு போட்ட பிளாஸ்டிக் குழாயைக் கட்டினோம். எங்கள் ஆலையில் தூக்கிப்போடுகிற தெர்மோகோலை நான் ஒரு மூட்டை கொண்டு வந்தேன். செய்ய வேண்டியது சுலபம்: தெருவைக் கடக்கிறவர்கள் ஒரு துண்டை மிதக்கவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, நேரமும் கோடும் எழுதி, ஒரு அம்புக்குறி போட வேண்டும்.

இப்படி ஒரு மழைக்காலத்தை நான் அதற்குமுன் வாழ்ந்ததில்லை. மகள் மறுபடியும் மணிமங்கலத்தில் இருந்தாள். வீடு காலி. ஆனால் நகர் முழுக்க ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, வெள்ளைத் துண்டுகளைத் தண்ணீரில் விட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடுகிறவர்கள்கூட நின்று ஒரு அம்பு போட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். ஒடிசாக்காரர்கள் தங்கள் எழுத்தில் ஏதோ எழுதினார்கள். எங்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அம்பு எல்லா மொழியிலும் ஒன்றுதான். மழை நனைத்த பக்கங்களில் பால்பாயின்ட் மை கசிந்து, அம்புகள் நீலமாகப் பரவி நின்றன. நான் காலையில் வேலை முடிந்து வரும்போது கேன் கடையில் நின்று அவற்றைப் புரட்டுவேன். மேல் தெருக்களின் அம்புகள் எல்லாம் எங்கள் தெருவைப் பார்த்து இறங்கின. எங்கள் தெருவின் அம்புகள் எல்லாம் ஏரியைப் பார்த்தன. ஒன்றுகூட எதிர்ப்பக்கம் திரும்பவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் எழுத நான் ஒருவன்தான் இருந்தேன், அதுவரை அந்த அளவுக்கு மழையும் பெய்யவில்லை.

கார்த்திகையில் பெய்தது. இரண்டு நாள் விடாமல். மூன்றாம் நாள் காலை நான் வந்தபோது தூறல்தான். மனைவி கிளம்பும்போது தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடையை எடுத்துக்கொண்டு போனாள். நான் படுக்கவில்லை. கேன் கடை நோட்டை அவிழ்த்து எடுத்து வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பிளாஸ்க் நிறைய டீ வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரிந்தது. எட்டரைக்கு மழை நின்றது. ஒன்பதுக்குத் தெர்மோகோல் ஏரிப் பக்கம் போனது. ஒன்பதே முக்காலுக்கும் போனது, ஆனால் சோம்பலாகப் போனது. பத்து மணி தாண்டி விட்ட துண்டு போகவில்லை. நடுத்தெருவில் அப்படியே நின்றது. யோசித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. பிறகு மிக மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்து வர ஆரம்பித்தது.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கனவு கலைந்துவிடும் என்று தோன்றியது. கையைக் கிள்ளிப் பார்த்தேன். கனவிலும் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அன்றைக்கு வார லீவில் இருந்த ஒடிசாக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். தண்ணீரைக் காட்டினேன். அவர் ஒரு துண்டை விட்டார், பார்த்தார், இன்னொரு துண்டை விட்டார். பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு நோட்டை வாங்கித் தன் கையால் ஒரு அம்பு போட்டார். ஏரியிலிருந்து வீட்டைப் பார்த்து. அதற்குப் பக்கத்தில் நான் ஒன்று போட்டேன். அதைத் தேவைக்கு மேல் நீளமாக இழுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். பொறியாளர் யாரிடமோ கடன் வாங்கிய கம்பூட்ஸில் பதினொன்றரைக்கு வந்து, தண்ணீரில் இறங்கி நின்று பார்த்தார். மேலே இருக்கிற ஏரி நிரம்பி வழிந்து அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேர மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது என்றும், அதனால்தான் மழை விட்ட பிறகு எங்கள் ஏரி ஏறித் தெருவுக்குள் வருகிறது என்றும் விளக்கினார். "இந்தக் கால்வாயை நேரா ஏரியில விட்டிருந்தா, ஏரியை உங்க ஆறு தெருவுக்கும் குழாய் போட்டுக் கூட்டிட்டு வந்த மாதிரி ஆகியிருக்கும் சார்" என்றார். திட்டம் மாறியது. கால்வாய் ஏரிக்குள் போகாது. தெற்கு ஓரமாகச் சுற்றி, ஏரி வழிகிற கலங்கலுக்குக் கீழே போய், உபரித் தண்ணீர் ஓடுகிற பள்ளமான ஓடையில் சேரும். தூரம் அதிகம். எங்கள் பங்கும் அதிகம்.

தை மாதம் மறுபடியும் கூட்டம். மேல் தெருக்காரர்கள், "எங்க தெருவுல தண்ணியே நிக்கல. கடைசித் தெருவுக்காக நாங்க இன்னாத்துக்குக் குடுக்கணும்?" என்றார்கள். செயலாளர் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "இந்த அம்பு யாரு போட்டது? நீங்க போட்டதுதான? எங்க பாத்துப் போவுது? உங்க தண்ணிய இவுக வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு, எங்களுக்கு நிக்கலன்னு சொல்லுதிய" என்றார். அவர்கள் போட்ட அம்பை அவர்களே மறுக்க முடியவில்லை. கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். பற்றாக்குறையை, பக்கத்து ஆலையொன்று ஊர் நலனுக்கு ஒதுக்கும் பணத்திலிருந்து கொடுத்தது. அவர்களும் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். என் மனைவி தன் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்து எங்கள் பங்கைக் கட்டினாள்.

கூட்டத்தின் கடைசியில் செயலாளர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "தம்பி கனவு கண்டாருன்னு சிரிச்சது நான்தான். தூங்கிக்கிட்டு இருந்தது நாமதான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் உடனே உட்கார்ந்துவிட்டேன். நாலு வயதுக் குழந்தை கையைப் பிடித்து இழுத்தும் எழுந்திருக்காத ஒருவனுக்கு ஊரே கை தட்டுகிறது. மனைவியைப் பார்த்தேன். அவளும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது, "நீ சொன்னது சரிதான்" என்றாள். நான் ஒரு வருடத்துக்கு மேலாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டுவிட்டு, அவளுக்கு இரண்டடி பின்னாலேயே நடந்தேன்.

கால்வாய் வேலை இந்த வருடம் முடிந்தது. புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை ஒன்று பெய்து, தண்ணீர் சத்தம் காட்டாமல் தெற்கே திரும்பிப் போனது. நானும் வாடகை வீட்டுக்காரர்களும் மூடிப்பலகையின் ஓட்டை வழியாகக் குனிந்து அது போவதைப் பார்த்தோம். பத்து மணிக்குப் பார்த்தோம், பதினொன்றுக்குப் பார்த்தோம். வீட்டுப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. அன்றைக்கு நான் இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினேன், கனவுகூட வரவில்லை.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள். சாயங்காலம் வேலை விட்டு வந்த மனைவி மகளின் துணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். மகள் வெளியே தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். மணிச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது.

"இப்பதான் கால்வா கட்டியாச்சே" என்றேன்.

"ஆமா."

"தண்ணி வராது. நீயே பாத்த."

"பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பாவாடைகளை மடித்து வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் தண்ணீருக்குப் பயப்படவில்லை. இத்தனை நாளாக நான் ஏரியைக் குற்றவாளியாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். ஏரிமேல் குற்றம் ருசுவாகிவிட்டது, ஆனால் என்னை யாரும் விடுதலை செய்யவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஷிப்டுக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

"அன்னிக்கி அவ என்னை எழுப்பினா. கையப் புடிச்சி இழுத்தா. நான் கனவுன்னு நெனைச்சி அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டுத் தூங்கிட்டேன்" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"தெரியும்" என்றாள். "அன்னிக்கி சாயங்காலமே அவ சொல்லிட்டா. அஞ்சு நிமிஷம்னா எவ்ளோ நேரம்மான்னு என்னைக் கேட்டா."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ராவெல்லாம் நின்னுட்டு வர ஆளு தூங்காம இன்னா பண்ணும்? அதுக்கு எனக்குக் கோவமே இல்ல. நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன். நீ ஏரியப் பத்தியே பேசிக்கினு இருந்த. எங்கிட்ட ஒண்ண மறைக்கிற ஆளுகிட்ட புள்ளைய எப்பிடி வுட்டுட்டுப் போறது?"

நான் அழுதேன். அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள். வெளியே சைக்கிள் மணி நின்று, மகள் யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மனைவி பையைக் கவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். "நேரமாவுது, சாப்ட்டுக் கெளம்பு" என்றாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்தே மழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஏழு மணிக்கு நான் வந்தேன்; ஏழரைக்கு அவள், கேஸ் பதிய வேண்டும், குழந்தைக்கு இட்லி மூடி வைத்திருக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுக் குடையை விரித்துப் போனாள். தெருவை நின்று பார்க்கவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு, கோடையிலோ ஆடியிலோ மழை பெய்து மகள் இங்கே இருந்தால், பத்து மணி டீ பிரேக்கில் லாக்கரிலிருந்து போனை எடுத்து, நான் விழித்திருக்கிறேனா என்று கேட்டுவிட்டுத்தான் அவள் டீயே குடிப்பாள். ஒரு மழை நாளில்கூட அது தப்பியதில்லை. நான் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பாயில் படுத்திருந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்து மணி ஆனது, பத்தேகால் ஆனது. பதினொன்று வரை பார்த்தேன். அவள் போன் செய்யவில்லை.